கன்னி நாயின் முன்னங்கால் எலும்பு

நான் திண்டுக்கல்லில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். பழனி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் கிளினிக். ஒரு ஆபரேஷன் மேசை, ஒரு எக்ஸ்ரே மெஷின், பன்னிரண்டு வருடமாகக் கூடவே இருக்கும் ஓர் அக்கா. அக்கா என்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். முதல் நாள் நான் அவரிடம், "நாய் கடிக்கும், பயமில்லையா?" என்று கேட்டதற்கு, "வலி கண்ட பொம்பளைங்க கடிக்காத கடியா?" என்று தன் முன்கைத் தழும்பைக் காட்டினார். அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

என் கை நல்ல கை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா, அம்மா, பெரியப்பா என்று வீடு முழுக்க வாத்தியார்கள். நான் மட்டும் கத்தியைப் பிடித்தேன். பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனை வாரத்துக்கு நாலைந்து செய்கிறேன். தையல் பிரிந்து திரும்பி வந்த நாய் என்று ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

கல்லூரியில் என்னோடு ஹாஸ்டல் அறையில் இருந்த தோழி வேறு பக்கம் போனாள். நான் கத்தி என்றால் அவள் மைக்ரோஸ்கோப். வடக்கே, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரு நாள் மத்தியானம் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கர்ப்பப்பை எடுக்க வயித்தத் திறக்கறப்ப, நடுவுல ஒரு கொழுப்புத் துண்டு வழியை மறைச்சுக்கிட்டு நிக்குமே, அதை வெட்டி என்ன செய்யறே?"

"வாளியில போடுறேன்."

"இனிமே போடாதே. எனக்கு அனுப்பு."

அந்தக் கொழுப்புக்குள் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்றாள். இன்னும் தாங்கள் என்னவாகப் போகிறோம் என்று முடிவு செய்யாத செல்கள். தகுந்த மருந்துக் கரைசலில் வளர்த்தால் எலும்பாகும், குருத்தெலும்பாகும், திரும்பவும் கொழுப்பாகவே ஆகும். ஒடிந்து கூடாமல் கிடக்கும் எலும்பில், தேய்ந்த மூட்டில் அவற்றை வைத்தால் பலன் இருக்குமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாய்க்குப் பலித்தால் நாளைக்கு மனிதனுக்கும் வழி திறக்கும். நாயின் எலும்பும் மூட்டும் மனிதனுடையதைப் போலவே தேய்கின்றன, மனிதனுடையதைப் போலவே வலிக்கின்றன என்றாள். இதற்காக ஒரு நாயைக்கூடத் தனியாக அறுக்க வேண்டாம். எப்படியும் நடக்கப்போகிற ஆபரேஷனில், எப்படியும் வெட்டி எறியப்போகிற துண்டு. நாய்க்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மறுப்புச் சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை.

கையெழுத்து வாங்குவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு ரிட்டையர்டு பி.டி. மாஸ்டர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு, "டாக்டர், இது எனக்கே பண்ணுவாங்களா? ரெண்டு முழங்காலும் போச்சு" என்றார். நாய்க்கே இன்னும் நிச்சயமில்லை என்று சொன்னேன். "சரி, எங்க வீட்டுப் பிள்ளை முன்னாடி போகட்டும், நான் பின்னாடி வாரேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

தோழி அனுப்பிய டியூப்களில் மருந்து கலந்த உப்புக்கரைசல் இருந்தது. கொழுப்பை அதில் போட்டு இறுக்கமாக மூடி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் நடுவே வைத்து, பத்து மணி பஸ் பார்சலில் ஏற்றினால் மாலை ஆறு மணிக்குள் அவள் கைக்குப் போய்விடும். முதல் டியூப்பை அனுப்பிவிட்டு ஒரு வாரம் ராணி மாதிரி நடந்தேன்.

எட்டாம் நாள் போன் வந்தது. "கெட்டுப்போச்சு. பாக்டீரியா வளர்ந்து கிடக்கு."

இரண்டாவதும் கெட்டது. மூன்றாவதும். மூன்றாவது தடவை தோழியின் குரலில் ஒரு தயக்கம் வந்தது. "உன் தியேட்டர்ல ஏதாவது..." என்று இழுத்தாள். அந்த இழுப்பு எனக்குச் சுருக்கென்றது. என் ஆபரேஷன் அறையில் கோளாறு இருந்தால் முதலில் சீழ் பிடிக்க வேண்டியது நாய்களுக்குத்தான். ஒன்றுக்கும் பிடிக்கவில்லை. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, அதை நானே கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "டாக்டரம்மா, பெட்டியக் கட்டுறப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு. போய்ச் சேருறதுக்குள்ள ஐஸு தண்ணியாயிரும்ல? அந்தத் தண்ணி டியூப்புக்குள்ள போனா?" என்றார்.

"மூடியை இறுக்கித்தானே அக்கா மூடுறோம்?"

"குழம்பு வாளிய இறுக்கி மூடித்தான் பஸ்ஸுல கொண்டு போறோம். சேலையில ஊத்தாம இருக்கா?"

செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஒரு டியூப்பில் வெறும் உப்புக்கரைசலை ஊற்றி மூடினோம். பெட்டியில் ஐஸைப் போட்டு, புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தை அதன் மேல் நிறையக் கொட்டினோம். டியூப்பை வழக்கம்போல் படுக்க வைத்தோம். அந்தப் பெட்டியை என் ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு, தாடிக்கொம்பு வரைக்கும் போய்த் திரும்பினேன். குலுங்க வேண்டுமே என்று வேகத்தடை ஒன்றுக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. சாயங்காலம் திறந்து பார்த்தால் டியூப்புக்குள் கரைசல் லேசான ஊதா நிறம்.

அக்கா ஜெயித்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமென்று முதலில் டியூப்பைக் கழுவி வைத்தேன். பிறகு கேட்டேன்: "அக்கா, ஐஸ் எங்க வாங்குறீங்க?"

"மீன் மார்க்கெட்டுலதான். வேற எவன் இம்புட்டு ஐஸு குடுப்பான்?"

தோழியிடம் சொன்னபோது ஐந்து நிமிடம் சிரித்தாள். அதன் பிறகு ஜெல் பாக்கெட்டுகளை நாங்களே ஃப்ரீசரில் உறைய வைத்தோம். டியூப்பை இரண்டு கவர்களில் போட்டு ஒட்டி, நிமிர்த்தி நிறுத்தி அனுப்பினோம். நாலாவது டியூப் கெடவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் கெடவில்லை.

செல்களை நேரில் பார்க்க ஒரு தடவை போனேன். நான் கொடுத்தது வெண்ணெய் நிறத்தில் ஒரு கட்டைவிரல் அளவுத் துண்டு. அதைப் பொடியாக நறுக்கி, ஒரு நொதியில் கரைத்து, சுழற்றி, அடியில் தங்கியதை எடுத்துக் குடுவையில் வளர்த்திருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். இரு முனையும் கூர்ந்த மெல்லிய செல்கள், ஆற்றில் ஒரே பக்கம் திரும்பி நிற்கும் மீன் குஞ்சுகளைப் போல, கூட்டமாக ஒரே திசையில் படுத்திருந்தன. பக்கத்துத் தட்டில் அதே செல்களை மூன்று வாரம் எலும்பாக வளர்த்து, சாயம் போட்டு வைத்திருந்தாள். சுண்ணாம்புச் சத்து படிந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. "இது யாரோட நாய் தெரியுமா? உன் பி.டி. மாஸ்டரோடது" என்றாள். நான் செல்போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தன் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த கட்டமாக, நிஜமாகவே எலும்பு கூடாத நாய்களில் செய்து பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. "அப்படி ஏதாவது நாய் வந்தா சொல்லு" என்றாள். இரண்டு மாதம் கழித்து வந்தது.

பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா ஒரு வேன் பிடித்துக் கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்த பின் தென்னந்தோப்பைத் தனியாகவே பார்த்துக்கொள்பவர். நாய் கன்னி இனம், நம் ஊர் வேட்டை நாய், கறுப்பு. மூன்று வயது ஆண். ஒட்டிய வயிறு, நீளமான முகம், புருவத்துக்கு மேலே மட்டும் இரண்டு பொன்னிறப் பொட்டு. நாலு மாதத்துக்கு முன்னால் தோப்பு வாசலில் சரக்கு வேன் ஒன்று அடித்துவிட்டதாம். முன்னங்காலின் இரண்டு எலும்பும் முறிந்தது. கட்டுப் போட்டார்கள். அதைக் கடித்து எறிந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி எறிந்தது. இப்போது முழங்கைக்கும் பாதத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு மூட்டு முளைத்ததுபோல் கால் அங்கே மடங்கி ஆடியது.

எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பின் இரண்டு முனைகளும் மழுங்கி, வழுவழுப்பாகி, ஒன்றையொன்று தேடுவதையே நிறுத்திவிட்டிருந்தன. இந்த வகை நாய்க்கு அந்த இடத்தில் சதையே கிடையாது. ரத்த ஓட்டமும் குறைவு. ஒரு தடவை கூடாமல் போனால் தானாகக் கூடுவது கஷ்டம்.

"அண்ணன் சொல்றாருங்க, ஊசி போட்டுட்டு வேற குட்டி எடுத்துக்கோன்னு" என்றார் அந்த அம்மா. "எனக்கு மனசு வரலீங்க. மூணு காலோட இருந்தாலுஞ் செரி. காலை எடுத்தர்லாமுங்களா?"

எடுக்கலாம், எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். பிறகு இன்னொரு வழி இருப்பதையும் சொன்னேன். தோழியின் ஊரில் ஆபரேஷன் செய்து, மழுங்கிய முனைகளை வெட்டி, தகடு வைத்துத் திருகி, நாயின் தோள் எலும்புக்குள் இருக்கும் மெத்தென்ற எலும்புச் சோற்றைக் கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் அடைப்பார்கள். இது வழக்கமான வைத்தியம்தான். சில நாய்களுக்கு அதோடு ஸ்டெம் செல்லையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள் என்றேன்.

அந்த அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். "அப்ப என்ர நாய வெச்சுச் சோதன பண்றீங்களா?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எப்படிப் பூசி மெழுகப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஆமாங்க" என்றேன். "சோதனைதான். ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லா நாய்கிட்ட இருந்தும் கொழுப்பு எடுத்துச் செல் வளர்ப்பாங்க. ஆனா பாதி நாய்க்குத்தான் அதை வைப்பாங்க. யாருக்குன்னு சீட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

"சீட்டுங்களா? ரெண்டு பேரு சமமா ஓட்டு வாங்குனா வார்டுக்குச் சீட்டெழுதிக் குலுக்குவாங்களே, அப்புடியா?"

"அதே மாதிரிதாங்க."

"நல்லதுன்னா எல்லாத்துக்கும் குடுத்தர்லாமில்லீங்க? எதுக்கு ஓரவஞ்சனை?"

"நல்லதான்னே இன்னும் தெரியாதுங்க. எல்லாத்துக்கும் வெச்சா, கூடுனது செல்லாலயா தகட்டாலயான்னு எப்படிச் சொல்றது?"

அவர் கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "புதுசா ஒரு உரம் வந்தா நாங்களும் பாதி மரத்துக்குப் போட்டு, பாதிய உட்டுத்தானுங்க பாப்போம். எல்லாத்துக்கும் போட்டா மழையில காச்சுதா உரத்துல காச்சுதான்னு தெரியாமப் போயிரும்" என்றார். பிறகு, "எங்கீங்க கையெழுத்து?" என்று கேட்டார்.

பத்து வருடமாக டாக்டர்களுக்கும் மாணவர்களுக்கும் இதைப் புரியவைக்க முயன்றுகொண்டிருப்பதாகத் தோழி சொல்வாள். இந்த அம்மாவுக்கு ஒரு நிமிடம் ஆனது.

கொழுப்பை நானே எடுத்தேன். சின்ன வெட்டு, மூன்று தையல். மூன்று வாரத்தில் செல்கள் வளர்ந்து தயாரானதும், அதே வேனில் அந்த அம்மாவும் நானும் நாயும் தோழியின் ஊருக்குப் போனோம். ஆபரேஷனில் நான் உதவிக்கு நின்றேன். முனைகளை வெட்டியபோது எலும்பிலிருந்து ரத்தம் துளிர்த்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது. ரத்தம் வரும் எலும்பு உயிருள்ள எலும்பு. தகடு வைத்து ஆறு திருகாணி போட்டு முடித்ததும் தோழி என் தோளைத் தொட்டாள்.

"இப்ப நீ வெளிய போகணும்."

"ஏன்?"

"இந்த நாய்க்குச் சீட்டுல என்ன விழுந்திருக்குன்னு கவரைப் பிரிக்கப் போறோம். அடுத்தடுத்த எக்ஸ்ரே பார்த்து எழுதப்போறது நீ. உனக்குத் தெரியக் கூடாது."

வெளியே வந்து பெஞ்சில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஜெபமாலை உருட்டும் என் கையைப் பார்த்துவிட்டு, தன் பங்குக்குப் பழனி முருகனைக் கூப்பிட்டார். பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தோழியின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஹாஸ்டலில் நாலு வருடம் பார்த்த முகம். அதில் ஒன்றும் தெரியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு மாதம் ஒரு தடவை அந்த அம்மா நாயைக் கூட்டிவருவார். முதல் மாதம் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இரண்டாம் மாதமும் அப்படித்தான். மூன்றாம் மாதம், முறிந்த இடத்தைச் சுற்றி மார்கழிப் பனி மாதிரி ஒரு வெண்மை. நாலாம் மாதம் அது திரண்டு, இரண்டு பக்கத்துக்கும் பாலம் போட்டிருந்தது. ஐந்தாம் மாதம் நாய் நாலு காலையும் ஊன்றி என் கிளினிக் படியேறி வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இது செல் வைத்த எலும்புதான், சந்தேகமே வேண்டாம் என்று முடிவுகட்டி, அந்த அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட காலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், இவ்வளவு அழகாகக் கூடியதைப் பார்த்ததில்லை. தோழிக்குப் போன் செய்து கேட்டேன்.

"சும்மா சொல்லு. செல் வெச்சிருக்கு, அதானே?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ ஆமான்னா போதும்."

"உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா என்கிட்ட எதுக்குக் கேக்கறே?" என்று வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்துக் கால்நடை டாக்டர்கள் மாதத்துக்கு ஒரு தடவை கூடுவோம். அந்த மாதக் கூட்டத்தில் எக்ஸ்ரேக்களை வரிசையாகத் திரையில் போட்டேன். "முதல் மாசம், ரெண்டாம் மாசம், இதோ பாருங்க" என்று சொல்லி, கடைசியில், "ஸ்டெம் செல் வெச்ச எலும்பு எப்படி இருக்கும்னு கேட்டா, இப்படித்தான் இருக்கும்" என்றேன். கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெரிய டாக்டர் மட்டும், "வெச்சாங்கன்னு எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். "எழுதித் தரணுமா சார், கண்ணுக்கே தெரியுதே" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஆராய்ச்சியில் சேர்ந்த கடைசி நாயின் கடைசி எக்ஸ்ரேவும் முடிந்த பின்தான் எந்த நாய்க்குச் செல் வைத்தார்கள் என்ற விவரத்தை வெளியே சொன்னார்கள். தோழி போன் செய்தபோது நான் ஒரு பூனைக்குக் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"உன் கன்னிக்குச் செல் வைக்கல."

பூனை கையைப் பிறாண்டிவிட்டு மேசையிலிருந்து குதித்தது. அக்கா அதைப் பிடிக்க ஓடினார்.

"சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன். தகடும் அதோட சொந்த எலும்புச் சோறும்தான். அது தானாவே கூடியிருக்கு. தகடு நல்லா உக்காந்துச்சு, அந்த அம்மா நல்லாப் பாத்துக்கிட்டாங்க, நாய் சின்ன வயசு. அவ்வளவுதான்."

திரை, கைதட்டல், 'கண்ணுக்கே தெரியுதே' எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. என் கையைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கையை, அதற்குச் சம்பந்தமில்லாமல் என் கண்ணுக்கும் கொடுத்துவிட்டேன். ஒரு நிமிடம் கழித்துச் சிரிப்பு வந்தது. என்னை ஏன் வெளியே போகச் சொன்னாள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நான் உள்ளே இருந்து, செல் வைக்காததைப் பார்த்திருந்தால், அதே எக்ஸ்ரேயில் பனியையே பார்த்திருக்க மாட்டேனோ என்னவோ.

"மத்த நாய்ங்க?" என்று கேட்டேன்.

"கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம். அவசரப்படாதே. உன் நாயோட செல் ஃப்ரீசர்ல அப்படியே இருக்கு. நல்லா வளர்ந்த செல். அதை என்ன செய்யறதுன்னு அந்த அம்மாகிட்டக் கேக்கணும்."

இதைப் போனில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழனி பஸ் ஏறினேன். பழனியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் பாலசமுத்திரம் போய், வழி கேட்டுத் தோப்புக்குப் போனேன். நாய் என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, ஊசி போட வந்திருக்கிறேன் என்று நினைத்து, தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அந்த அம்மா இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அம்மா, சீட்டுல உங்க நாய்க்குச் செல் விழலீங்க. வெறும் வைத்தியம்தான் நடந்திருக்கு. நான்தான் முன்னாடி செல்லால கூடுச்சுன்னு உங்ககிட்டச் சொல்லிட்டேன். அது தப்புங்க."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். மாதாமாதம் நாயைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவர்.

"அப்ப அது தானாக் கூடிக்கிச்சுங்களா?"

"ஆமாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! நாஞ் சொன்னனில்லீங்க, என்ர நாய்க்கு எலும்பு கெட்டின்னு!" என்றார். தோப்புக்கு அந்தப் பக்கம் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இங்க வாங்க. கேட்டீங்களா? மருந்தே இல்லாமக் கூடியிருக்குது!" என்று அறிவித்தார். அந்த வெற்றியில் எனக்கோ தோழிக்கோ அவர் பங்கு கொடுக்கவில்லை. தகடும் ஆறு திருகாணியும் நினைவில் இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

குவியலுக்குப் பின்னால் போய் நாயின் காலைப் பிடித்தேன். உறுமவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டது. தோலுக்கு அடியில், முறிந்த இடத்தில், எலும்பு கொஞ்சம் புடைத்து, கல் மாதிரி உறுதியாக இருந்தது. விரலால் இரண்டு தடவை வருடிப் பார்த்தேன். எப்படிக் கூடியிருந்தால் என்ன, கூடியிருந்தது.

பிறகு ஃப்ரீசரில் இருக்கும் செல்களைப் பற்றிச் சொன்னேன். அடுத்து, ஒரு நாயின் செல்லை வேறொரு நாய்க்கு வைத்தால் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கப் போகிறார்கள். உங்களுக்கு இஷ்டமிருந்தால் தரலாம், இல்லையென்றால் அழித்துவிடச் சொல்லலாம்.

"எதுக்குங்க அழிக்கோணும்? குடுத்தர்லாம். யாரு நாய்க்குங்க?"

"அது தெரியாதுங்க. சொல்லவும் மாட்டாங்க."

"செரி, உடுங்க." நான் பையிலிருந்து எடுத்த தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுதும் படித்துவிட்டு, தேங்காய் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தன் நாய்க்கே பின்னால் செல் தேவைப்பட்டால் அதற்கு மிச்சம் இருக்குமா என்று ஒன்றே ஒன்று கேட்டார். இருக்கும், அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றேன். அதையும் தாளில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டாக்டர்கள் குழுவுக்கு ஒரு செய்தி எழுதினேன். போன மாதம் நான் காட்டிய கன்னி நாய்க்கு ஸ்டெம் செல் வைக்கப்படவில்லை. நான் சொன்னது என் ஊகம், அது தவறு. எலும்பு கூடியது உண்மை. மற்ற நாய்களின் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் என்ன வந்ததோ அதைச் சொல்கிறேன். சமாதானம் ஒன்றும் சேர்க்காமல் அப்படியே அனுப்பினேன்.

ஒட்டன்சத்திரம் வரும்வரை யாரும் பதில் போடவில்லை. பார்த்ததற்கான நீல அடையாளம் மட்டும் ஒவ்வொன்றாக ஏறியது. அதன் பிறகு முன் வரிசைப் பெரிய டாக்டர் எழுதினார்: 'புதன்கிழமை எனக்கு ரெண்டு ஆபரேஷன் இருக்கு. கொழுப்பு எடுத்து வைக்கிறேன். டியூப் ரெண்டு குடுத்து விடுங்க.'

இப்போது எங்கள் பகுதியில் மூன்று கிளினிக்குகளிலிருந்து பெட்டி போகிறது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெட்டி கட்டச் சொல்லிக்கொடுப்பது அக்காதான். டாக்டர்களை வரிசையாக நிற்க வைத்து, மூடியைத் திருகச் சொல்லி, தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டச் சொல்கிறார். ஒரு சொட்டு வெளியே வந்தாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பெரிய டாக்டர் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது.